விறகு சரியில்லை சேர்

1993இல் பெரியப்பாவின் ஒஸ்ரின் ஏ40 காரை ஸ்ரார்ட் பண்ண மூன்று பேர் வேண்டும். அண்ணன் முன்னுக்கு நின்று கம்பி போட்டுச் சுற்றுவார், பெரியப்பா உள்ளே இருந்து அக்சிலேற்றரில் கால் வைத்திருப்பார், பன்னிரண்டு வயது நான் பொனற்றுக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு, சேலைன் குழாய் வழியாக நாலைந்து துளி பெற்றோலைக் காபரேற்றர் வாயில் விடவேண்டும். ஆறாவது துளி விழுந்தால் பேச்சு விழும். யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக்காலம், பெற்றோல் என்பது வீட்டில் நகையோடு சேர்த்துப் பூட்டி வைக்கிற சாமான். இஞ்சின் இரண்டு தரம் இருமிப் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம், ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகை, அதன் பிறகு மானிப்பாய் போய்ச் சேரும்வரை நிற்பாட்டக் கூடாது.

ஏன் என்று அப்போது தெரியாது. மண்ணெண்ணெய் 38 பாகை செல்சியசுக்கு மேலே சூடேறினால்தான் தீப்பற்றுகிற அளவுக்கு ஆவி விடும், பெற்றோலோ பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் விடும். எரிவது ஆவிதான், அதுவும் காற்றோடு சரியான அளவில் கலந்த ஆவி. குளிர்ந்த இஞ்சினுக்குள் போன மண்ணெண்ணெய் துளியாகவே சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே ஒயிலுக்குள் இறங்கிவிடும். ஏ40 மாதிரிப் பழைய கார்களின் அமுக்க விகிதம், அதாவது எரிய முன்னர் ஆவிக்கலவையை நெருக்குகிற அளவு, ஏழுக்கு ஒன்று என்று குறைவாக இருந்தபடியால் ஒக்ரேன் குறைந்த, அதாவது நெருக்கினால் நேரத்துக்கு முன்னரே பற்றிக்கொள்கிற மண்ணெண்ணெயைத் தட்டித் தட்டியாவது சமாளித்தன, இன்றைய கார் ஒன்றில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். பெரியப்பா இதொன்றும் படித்தவர் இல்லை. ஆனால் ஒயில் குச்சியை உருவி மூக்குக்குக் கிட்டப் பிடித்து, "மண்ணெண்ணெய் மணக்குது, மாத்த வேணும்" என்பார். பிறகு நான் வேலை செய்த இடத்தில் அதே முடிவுக்கு வருவதற்கு ஒரு மாதிரி எடுத்து, போத்தலில் அடைத்து, இன்னொரு ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, மூன்று கிழமை காத்திருந்தோம்.

இன்னொன்று ஜாம் போத்தல் விளக்கு. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் படித்த எவரையும் கேளுங்கள். போத்தலின் அடியில் பஞ்சு, அதில் கொஞ்ச மண்ணெண்ணெய், கம்பியில் நிறுத்திய திரி, சுடர் போத்தலுக்குள்ளேயே எரியும். சோதனைக்குப் படிக்கிற நாட்களில் வெளிச்சம் போதாது என்று திரியை இழுத்துவிடுவேன். சுடர் உயரும், வெளிச்சம் கூடாது, போத்தல் கறுத்து உள்ள வெளிச்சமும் போகும். அம்மா வந்து திரியைத் திரும்ப இறக்கிவிட்டுப் போவா. எண்ணெய் கூடியதும் காற்றுப் போதாமல் போனதுதான் விஷயம் என்பதைப் பின்னர் சமன்பாட்டோடு படித்தேன். ஆனால் எங்கே எரிதல் பிழைத்தாலும் எரிபொருளைத்தான் முதலில் சந்தேகிக்கிற புத்தி என்னை விட்டுப் போக இன்னும் பல வருடம் எடுத்தது.

1995இல் இடம்பெயர்ந்தபோது கார் நின்ற இடத்திலேயே நின்றது. திரும்பி வந்தபோது அது இல்லை.

பேராதனையில் படித்து முடித்து, 2007இல் ஒரு பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்தில் ஆய்வுகூடப் பொறியியலாளராகச் சேர்ந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். எரிதலுக்குப் பாடப்புத்தகத் தமிழ் தகனம், ஆகவே வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் பெருமையாகத் தகன ஆய்வுகூடம் என்று எழுதியிருந்தேன். அம்மா தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, "இவ்வளவு படிச்சுப்போட்டு சுடலையிலயோ வேலை?"

விரிவுரையாளர் வேலை இல்லை அது. மேசன் வேலையும் இல்லை. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் பாதி பூட்டிய பேர்னரோடும் முழுதாக எழுதிய அட்டவணையோடும் வருவார், அது எரிய வேண்டும், எரிவதை அளக்க வேண்டும், அளந்தது உண்மையாக இருக்க வேண்டும், கட்டடமும் மிஞ்ச வேண்டும். இந்த நாலும் என் பொறுப்பு. தேத்தண்ணி நேரத்தில் எந்த அறைக்குப் போவது என்பதுதான் தெளிவில்லை, விரிவுரையாளர் அறையிலும் கொஞ்சம் அந்நியம், ஊழியர் அறையிலும் கொஞ்சம் அந்நியம். நான் பெரும்பாலும் கொம்பிரசருக்குப் பக்கத்தில் நின்று குடித்தேன்.

முதலில் என் கையில் தந்தது பொம் கலோரிமானி. ஒரு கிராம் அளவு மாதிரியை வில்லையாக அழுத்தி, கிண்ணத்தில் வைத்து, மெல்லிய கம்பி ஒன்றை அதில் முட்டவைத்து, தடித்த உருக்குப் பாத்திரத்துக்குள் பூட்டி, 30 பார் அளவுக்கு, அதாவது சாதாரணக் காற்றின் அமுக்கத்தைப் போல முப்பது மடங்கு அளவுக்கு, ஒட்சிசன் ஏற்றி, தண்ணீருக்குள் இறக்கிக் கம்பிக்கு மின் கொடுத்தால் உள்ளே எல்லாம் ஒரு நொடியில் எரிந்துவிடும். தண்ணீர் எவ்வளவு சூடேறியது என்பதில் இருந்து எரிபொருளின் வெப்பப் பெறுமானம். வடக்கில் இருந்து வந்த மாணவி ஒருத்தி ஊமல், கங்குமட்டை, பன்னாடை என்று பனையில் எரியக்கூடிய எல்லாவற்றையும் பையில் கட்டிக் கொண்டுவந்தா. முதற்கிழமை நல்ல எண்கள். இரண்டாம் கிழமை எல்லாமே பத்துப் பதினைந்து வீதம் குறைவு. கருவி பழுது என்றா, நானும் நம்பினேன், கழற்றினேன், வளையம் மாற்றினேன், நாலு நாள் போனது. கடைசியில்தான் பென்சோயிக் அமிலத்தை எரித்துப் பார்த்தேன். அதன் பெறுமானம் கிலோவுக்கு 26.4 மெகாயூல், உலகம் முழுக்க இந்தக் கருவியைச் சரிபார்க்க அதைத்தான் எரிப்பார்கள். அது கச்சிதமாக வந்தது, அப்படியென்றால் கருவியில் பிழை இல்லை. பிழை யன்னலில் இருந்தது. அரைத்த தூள்களைக் கடதாசிப் பையில் போட்டு யன்னல் ஓரத்தில் வைத்திருந்தா, ஐப்பசி மழை, தூள் ஈரத்தைக் குடித்திருந்தது. 105 பாகையில் உலர்த்தி நிறுத்துப் பார்த்தபோது குறைந்த எடையும் அந்தப் பதினைந்து வீதமும் ஒன்றுக்கொன்று பொருந்தின.

காலையில் முதல் வேலையாகப் பென்சோயிக் அமிலம் ஒரு வில்லை எரித்துவிட்டுத்தான் மாணவரின் மாதிரியைத் தொடுவது என்று அன்றைக்கு வைத்த வழக்கத்தைக் கடைசிவரை மாற்றவில்லை. அரை மணித்தியாலம் வீண் என்று முறைப்பாடு செய்தவர்கள் உண்டு. எதை அளக்கிற கருவியாக இருந்தாலும், விடை தெரிந்த ஒன்றை அதற்குக் கொடுத்துப் பார்க்காமல் திருகாணியில் கை வைக்க வேண்டாம் என்பதைத்தான் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் சொன்னேன்.

வெப்பவிணை, அதாவது இரண்டு உலோக வயர்களை இணைத்து வெப்பநிலை அளக்கிற சாமான், அதன் கதை இன்னும் மோசம். ஒரு மாணவரின் சிறு உலை ஒவ்வொரு நாளும் பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு பாகை குளிர்ந்தது. எரிபொருள் அதே, காற்று அதே. அவர் அதற்கு ஒரு விளக்கமும் எழுதி வைத்திருந்தார், உலைச் செங்கல் பற்றி இரண்டு பக்கம், நல்ல ஆங்கிலம். நான் ஒன்றும் தொடாமல் ஒரு முழு நாள் கதிரை போட்டு இருந்து பார்த்தேன். இரண்டு மணிக்கு மேற்கு யன்னலால் வெயில் வந்து, வயர்கள் இணைகிற பெட்டியின் மேல் விழுந்தது. கே வகை வெப்பவிணை உலையின் வெப்பநிலையை நேரடியாகச் சொல்வதில்லை, சூடான முனைக்கும் குளிர்ந்த முனைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பாகைக்குச் சுமார் 41 மைக்குரோவோல்ற்றாகத் தரும். உலையில் இருந்து அந்தப் பெட்டிவரை சரியான வயர், பெட்டியில் இருந்து கருவிவரை யாரோ மிச்சம் பிடித்துச் சாதாரணச் செப்பு வயர் போட்டிருக்கிறார்கள், ஆகவே குளிர்ந்த முனை பெட்டிக்குள் வந்துவிட்டது. வெயிலில் பெட்டி சூடாக, இரண்டு முனைக்கும் உள்ள வித்தியாசம் குறைந்தது, கருவி உலை குளிர்ந்துவிட்டது என்று நினைத்தது. ஒரு பழைய காட்போட் மட்டையை யன்னலில் ஒட்டினேன், உலை திரும்பச் சூடானது. சரியான வயர் வாங்க அனுமதி கிடைக்க ஐந்து மாதம், அதுவரை மட்டைதான்.

இந்த வேலையில் நான் அதிகம் கேட்ட கேள்வி: கடைசியாக ஒழுங்காக வேலை செய்தது எப்போது, அதற்குப் பிறகு என்ன மாறியது? ஒன்றும் மாறவில்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பொய் சொல்வதில்லை, தாங்கள் மாற்றியதை மாற்றமாக எண்ணுவதில்லை. அறையைக் கூட்டினோம், மேசையை நகர்த்தினோம், ஏசி போட்டோம், இதையெல்லாம் யார் எழுதி வைப்பார்கள்? நான் எழுதி வைத்தேன், மாங்காய்ப் படம் போட்ட பயிற்சிக் கொப்பியில், பதினாறு வருடத்துக்கு முப்பத்தொரு கொப்பி.

என் சொந்தப் பிழை ஒன்றும் அதில் சிவப்பு மையில் இருக்கிறது. காஸ் பேர்னர் பூட்டிய ஒரு சிறு உலை, தீப்பொறி மூன்று தரம் தவறியது. நாலாவது தரம் நான் காத்திருக்கவில்லை. மூன்று தரமும் போன காஸ் உள்ளே நின்றது, பொறி இந்த முறை சரியாக விழுந்தது. பெரிய வெடி இல்லை, கதவு திறந்து ஒரு நாக்கு வெளியே வந்து உள்ளே போனது, அவ்வளவுதான், என் இரண்டு புருவமும் போய்விட்டன, கல்யாணத்துக்கு இரண்டு கிழமை இருந்தது. கல்யாணப் படங்களில் என் புருவம் மனைவியின் மை. பற்றவில்லை என்றால் காஸை மூடு, உலையின் கனவளவைப் போலக் குறைந்தது நாலு மடங்கு காற்றை உள்ளே விட்டு வெளியே தள்ளு, பிறகு பொறி போடு. இதை நான் மற்றவர்களுக்குச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன், அதற்குக் கீழே நின்றுதான் செய்தேன்.

மெதேன் எரிகிற பேர்னருக்கு ஐதரசன் கலந்து பார்க்க ஆசைப்பட்ட ஒருவரை நிறுத்தியது அதே வருடம். அமைதியான மெதேன் சுடர் விநாடிக்கு 40 சென்ரிமீற்றர் அளவில் நகரும், ஐதரசன் சுடர் 2 மீற்றருக்கு மேல். வாயு வெளியே வருகிற வேகத்தை விடச் சுடர் வேகமாக ஓடினால் அது குழாய்க்குள்ளே நடந்து வரும். போதாததற்குப் பகல் வெளிச்சத்தில் ஐதரசன் சுடர் கண்ணுக்கே தெரியாது. அவர் என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இந்தப் பக்கம் வர நினைக்கிற தம்பி தங்கைகளுக்குத் தேவைப்படும். ஒரு கட்டுரைக்காக நான் எட்டு மாதம் உழைத்தேன், அளவீட்டு முறையே என்னுடையது, வெளிவந்தபோது என் பெயர் இல்லை, கடைசியில் ஆய்வுகூட ஊழியர்களுக்கு நன்றி என்று ஒரு வரி. கோபம் வந்தது, சொல்லவில்லை, சொல்லாதது பிழை. அடுத்த வேலையில் இருந்து, பேர்னரைப் பூட்ட முன்னரே ஒரு மின்னஞ்சல் போட்டேன்: நான் கருவியை மட்டும் ஓட்டினால் நன்றி போதும், அளக்கிற முறையை நான் வகுத்தால் பெயர் வேண்டும், சம்மதமா? ஒருவர் முகம் சுளித்தார், மற்றவர்கள் எல்லாரும் ஓம் என்றார்கள். முன்னரே கேட்டால் அது ஒழுங்கு, பிறகு கேட்டால் சண்டை.

2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் அடுப்புகளும் சிலிண்டர் பொருத்திகளும் வெடிக்கத் தொடங்கியபோது, சொந்தக்காரர் எல்லாருக்கும் திடீரென்று என் வேலை என்ன என்று விளங்கியது. இரவு பகலாகப் போன். சிலிண்டருக்குள் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். எங்கள் 30 பாகை வெயிலில் தனிப் புரொப்பேன் 10 பாருக்கு மேல் அமுக்கும், தனிப் பியூட்டேன் 3 பாரைத் தொடாது, புரொப்பேன் கூடினால் இதுவரை தாங்கிய பழைய வாஷரும் வால்வும் கசியத் தொடங்கும். சித்திக்கு இதெல்லாம் தேவையில்லை, சவர்க்கார நுரையைப் பொருத்திலும் குழாயிலும் பூசிக் கொப்புளம் வருதா பாருங்கோ என்றேன். "நெருப்புக்குச்சி பிடிச்சுப் பார்த்தனான், ஒண்டுமில்லை" என்றா. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். இந்தக் காஸ் காற்றை விடப் பாரம், நிலத்தோடு படரும், காற்றில் 2 வீதம் சேர்ந்தாலே பிடிக்கும். மணம் வந்தால் சுவிற்சைப் போடவும் வேண்டாம், நிற்பாட்டவும் வேண்டாம், கதவைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

2023இல் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். கூட வேலை செய்தவர்களில் பாதிப் பேர் அப்போது வெளிநாட்டில். இங்கே அரிசி ஆலை, கள்ளுச் சங்கம், பேக்கரி என்று யாராவது கூப்பிடுவார்கள், ஒரு பழைய புகைவாயு அனலைசரை வாங்கி வைத்திருக்கிறேன், மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவேன்.

போன மார்கழியில் பேக்கரிக்காரர் ஒருவர் வந்தார். "விறகு சரியில்லை சேர். அஞ்சு மாசமாப் போறணை சூடேறுதில்லை, பாண் வெள்ளையா நிக்குது, விறகு ஒண்டரை மடங்கு போகுது." விறகுக்காரரோடு சண்டை பிடித்து அவரை நிற்பாட்டியும்விட்டார். விறகு ஈரமாக இருந்தால் அவர் சொல்வது நடக்கக்கூடியதுதான், காய்ந்த விறகில் கிலோவுக்கு 18 மெகாயூல் என்றால் பாதி எடை தண்ணீராக உள்ள விறகில் 8தான் மிஞ்சும். ஆனால் ஐந்து மாதம் முன்னர் என்றால் ஆடி. ஆடியில் யாழ்ப்பாணத்தில் ஈர விறகு தேடினாலும் கிடையாது.

விடிய மூன்றரைக்குப் போனேன். போறணை பழைய செங்கல், நல்ல கட்டு. உள்ளே சுடர் மஞ்சளாய்ச் சோம்பலாய்க் கிடந்தது. வேலை செய்கிற பெடியன் ஒருவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றான், விடியப்புறத்தில் ஒவ்வொரு நாளும் தலையிடி, நித்திரை காணாது சேர் என்றான். அனலைசரைப் போறணையில் வைக்க முன்னர் அறைக்குள்ளேயே போட்டுப் பார்த்தேன். காற்றுப் போதாமல் எரியும்போது வருகிற நச்சு வாயுவான காபனோரொட்சைட்டு 180 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 180 பங்கு. 200 அளவில் இரண்டு மூன்று மணித்தியாலம் நின்றால் தலையிடி வரும் என்பது எல்லாக் கைநூலிலும் உள்ளது, இந்தப் பெடியள் ஆறு மணித்தியாலம் நிற்கிறார்கள். முதல் வேலையாக எல்லாரையும் வெளியே கூப்பிட்டேன்.

ஒரு கிலோ காய்ந்த விறகு முழுதாக எரிய 5 கன மீற்றர் காற்று வேண்டும். பத்தடி நீள அகல உயர அறை ஒன்றில் உள்ள காற்று முழுவதையும் ஏறக்குறைய 6 கிலோ விறகு வாங்கிவிடும். அந்தக் காற்று எங்கே இருந்து வருகிறது என்று தேடினேன். இலையான் வராமல் யன்னல்களுக்குக் கண்ணாடி போட்டிருந்தார்கள், பின்கதவுக்குப் புது ஷட்டர். சரி, இதெல்லாம் எப்ப செய்தது? "ஆடியில, திருவிழாவுக்கு முதல்." பிறகு மேலே பார்த்தேன். பன்னிரண்டு அங்குல எக்ஸோஸ்ட் விசிறி, புத்தம் புதியது, வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. புகை வருகிறது என்று பூட்டினார்களாம்.

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திப் போறணை வாயில் பிடித்தேன். புகை உள்ளே போகவேண்டும். அது என் முகத்துக்கு வந்தது. ஐந்து மீற்றர் புகைக்கூடு நன்றாகச் சூடேறி நின்றாலும் அது தருகிற இழுவை 20 பஸ்கால் அளவில்தான், இரண்டு மில்லிமீற்றர் உயரத் தண்ணீர் தருகிற அமுக்கம். மூடிய அறையில் மணித்தியாலத்துக்கு ஆயிரம் கன மீற்றர் இழுக்கிற விசிறி அதைத் தோற்கடிக்கும், வெளிக்காற்று புகைக்கூட்டால் இறங்கி வரும், போறணைப் புகை அறைக்குள் வரும், புகை கூடக்கூட இவர்கள் விசிறியைக் கூட்டுவார்கள். விசிறியை நிற்பாட்டி ஷட்டரை ஒரு முழம் தூக்கிவிட்டேன். ஊதுபத்திப் புகை மெல்ல வளைந்து உள்ளே திரும்பியது. பத்து நிமிடத்தில் சுடர் நிமிர்ந்து சத்தம் போட ஆரம்பித்தது, முதலாளி போறணைக்கு முன்னால் குந்தியிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சுவரின் கீழே இரண்டு இடத்தில் துவாரம் வெட்டி வலை அடித்தார்கள், விசிறியை பாண் ஆறவைக்கிற மற்ற அறைக்கு மாற்றினார்கள். மாதம் ஒரு தரம் ஊதுபத்தி பிடித்துப் பார்க்கப் பெடியனுக்குக் காட்டிக் கொடுத்தேன், தலையிடி போய்விட்டதாம். காசு வேண்டாம் என்றேன், ஒரு பெட்டி மாலு பணிஸ் வீட்டுக்கு வந்தது.

தை முடிவில் திரும்பக் கூப்பிட்டார். போறணை பரவாயில்லை சேர், ஆனால் முந்திய மாதிரி இல்லை என்றார். போய்ப் பார்த்தேன், காற்று நன்றாக இருந்தது. விறகில் ஒன்றைப் பிளந்து ஈரமானியைக் குத்தினால் 38 வீதம். பழைய விறகுக்காரர் காய்ந்த விறகுதான் இவ்வளவு காலமும் தந்திருக்கிறார், இது புது ஆளின் விறகு. "அவரைத் திரும்பக் கூப்பிடுங்கோவன்" என்றேன். போன் எடுக்கிறார் இல்லையாம்.